ஐபிஎல் தின்றது யாருடைய டெஸ்டை?

வணக்கம் சார்,

சேப்பாக்கத்தில் டெஸ்ட் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது என் பேரன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். தடுத்து ஆடக் கற்பதற்கு முன்பே சிக்ஸர் பழக்குகிறார்கள். ஐபிஎல் வந்து டெஸ்டைத் தின்றுவிட்டது. மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை பார்க்க ஆளில்லை. ஆட்டக்காரர்களை மாட்டுச் சந்தை மாதிரி ஏலம் விடுகிறார்கள். இதை நீங்களும் விரும்பிப் பார்ப்பதாக ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். எப்படி சார் மனசு வருகிறது?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

மனசு வரத்தான் செய்கிறது, என்ன செய்ய? உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் அதைத் தப்பான இடத்தில் காட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ரஞ்சிக்கு ஆள் வராதது ஐபிஎல்லுக்கு முன்பே இருந்த கதை. மாறியது சம்பளம். 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு ரஞ்சியில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்று 2021இல் உயர்த்தினார்கள். டிக்கெட் விற்று இதைக் கொடுக்க முடியாது. 2023 முதல் ஐந்து ஆண்டுகளுக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. இந்திய கிரிக்கெட் வாரியத்தின் கல்லா நிறைவது அங்கிருந்துதான்.

டெஸ்டைத் தின்றுவிட்டதா? இந்தியாவின் டெஸ்டை இல்லை. ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் தொடரை வென்றது 2018-19இல், ஐபிஎல் வந்து பத்து ஆண்டு கழித்து. அடுத்த பயணத்திலும் வென்றது. அந்த 2021 பிரிஸ்பேன் டெஸ்டை நினைத்துப் பாருங்கள். முன்னணிப் பந்துவீச்சாளர்கள் எல்லோரும் காயம். வலைப்பயிற்சியில் பந்து போட வைத்திருந்த நம் ஊர்ப் பையன்கள் இரண்டு பேரை இறக்கினார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். வாஷிங்டன் சுந்தருக்கும் மூன்று. அப்புறம் சுந்தர் 62 ரன் அடித்தார், ஷர்துல் தாக்கூரோடு 123 ரன் சேர்த்தார். சுந்தர் ரஞ்சி மாதிரி பல நாள் நடக்கும் முதல்தர ஆட்டம் ஆடியே மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன! 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றிராத மைதானம் அது. அங்கேதான் ஜெயித்தோம்.

நடராஜனுக்கு ரஞ்சி வாய்ப்பு முன்பே கிடைத்திருந்தது. வந்த வேகத்தில் பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று புகார் வந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. அதைச் சரிசெய்துகொண்டு திரும்பியவர் கண்ணில் பட்டது 2016இல் தமிழ்நாட்டின் டி20 லீக்கான டிஎன்பிஎல்லில், திண்டுக்கல் அணிக்காக மட்டையின் அடியில் விழும்படி போட்ட யார்க்கர்களால். மறு வருடமே ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடி கொடுத்து எடுத்தது. டென்னிஸ் பந்தில் பழகிய சேலம் மாவட்டத்துப் பையனுக்கு இது நடக்க, ஊர் ஊராக ஆள் தேடும் அவசியம் யாருக்காவது இருக்க வேண்டும். பணம் போட்டவர்களுக்கு இருந்தது.

ஏலம் எனக்கும் பிடிப்பதில்லை. எந்த ஊருக்கு ஆடுவது என்று ஆடுகிறவன் முடிவு செய்ய முடியாது. ஆனால் அதற்கு முந்தைய காலமும் பொற்காலம் இல்லை. 2007இல் ஜீ குழுமம் ஐசிஎல் என்று தனி லீக் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்களை வாரியம் விலக்கி வைத்தது. ஒரே முதலாளி, பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போ என்பதுதான் அன்றைய நிலை.

பேரன் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியாளரை மாற்றுங்கள்.

சரி, சேதமே இல்லையா? இருக்கிறது, நமக்கு இல்லை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை. 2023இல் தென்னாப்பிரிக்காவில் எஸ்ஏ20 என்ற டி20 லீக் தொடங்கியது. ஆறு அணிகள். ஆறையும் வாங்கியவர்கள் ஐபிஎல் அணிகளின் முதலாளிகள். கேப்டவுனில் மும்பை இந்தியன்ஸ், ஜோகன்னஸ்பர்க்கில் சூப்பர் கிங்ஸ். அந்த முதல் சீசனுக்கு ஆட்கள் வேண்டும் என்பதற்காக ஆஸ்திரேலியாவில் ஆட வேண்டிய மூன்று ஒருநாள் ஆட்டங்களையே தென்னாப்பிரிக்க வாரியம் விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நியூசிலாந்தில் இரண்டு டெஸ்ட். முன்னணி ஆட்டக்காரர்கள் எஸ்ஏ20க்குக் கட்டுப்பட்டவர்கள். போனது வேறு அணி. அதன் கேப்டன் நீல் பிராண்ட் அதுவரை ஒரு டெஸ்ட் கூட ஆடியதில்லை. முதல் டெஸ்டில் 281 ரன் வித்தியாசத்தில் தோல்வி, இரண்டாவதும் தோல்வி. தென்னாப்பிரிக்காவிடம் நியூசிலாந்து ஒரு டெஸ்ட் தொடரை வென்றது அதுதான் முதல் தடவை.

அந்த வாரியத்தையும் திட்ட முடியவில்லை. டெஸ்ட் நடத்தினால் கைக்காசு போகும், எஸ்ஏ20 நடத்தினால் காசு வரும். 2024-27 காலத்துக்கு, உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் ஐசிசியின் வருமானத்தில் 38.5 சதவீதம் இந்தியாவுக்கு. மீதியைத்தான் மற்ற எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும். லீக்கில் வரும் காசும் நம் முதலாளிகளிடமிருந்து, ஐசிசி பங்கிலும் நமக்கே பெரும்பகுதி என்றால், ஒரு சின்ன வாரியம் எந்தத் தேதியில் டெஸ்ட் வைப்பது என்பதைக்கூட மறைமுகமாக நாம்தான் முடிவு செய்கிறோம். நீங்கள் கோபப்பட வேண்டியது இதற்குத்தான்.

இத்தனைக்கும் நடுவில் அதே தென்னாப்பிரிக்கா 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று டெஸ்ட் உலகச் சாம்பியன் ஆனது. அடுத்து டிசம்பர் வாக்கில் வந்த அங்கத்திய கோடையில் அவர்களுக்குச் சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட் கூட இல்லை. 2027 உலகக் கோப்பைக்காக மைதானங்களைச் சீரமைக்க வேண்டும் என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். எஸ்ஏ20 மட்டும் டிசம்பர் 26ஆம் தேதி, அங்கே வழக்கமாக டெஸ்ட் தொடங்கும் நாளில், தொடங்கிவிட்டது.

அன்புடன்.