சாலிஸ்பரிக்கு ஒரு மணி நேரம் போதுமா?

கேள்வி: செப்டம்பர் நடுவில் நானும் மனைவியும் லண்டனில் வேலை பார்க்கும் மகளிடம் போகிறோம். மூவருமாக ஒரு நாள் சாலிஸ்பரி பேராலயத்தைப் பார்க்க ஆசை. ஸ்டோன்ஹெஞ்ச், பாத் நகரம் இரண்டையும் காட்டி, நடுவில் சாலிஸ்பரியில் ஒரு மணி நேரம் நிறுத்தும் பஸ் டூர் ஒன்று இருக்கிறது. அது போதுமா? மனைவிக்கு மூட்டு வலி. நாங்கள் இந்துக்கள், வழிபாட்டு நேரத்தில் உள்ளே விடுவார்களா?

பதில்: போதாது. ஒரு மணி நேரத்தில் கோபுரத்தைப் படம் பிடித்து, மாக்னா கார்ட்டா என்ற பழைய உரிமைச் சாசனத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த டூரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேர் ரயில், சுமார் ஒன்றரை மணி நேரம். காலை நெரிசல் நேரம் முடிந்தபின் கிளம்பினால் டிக்கெட் மலிவு. மூன்று பேர் சேர்ந்து போவதால் ‘குரூப்சேவ்’ தள்ளுபடி கிடைக்குமா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாள் உங்கள் கையில் என்றால் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். செவ்வாயும் சனியும் ஊர்ச் சந்தை. சனியன்று கூட்டம் அதிகம். ஞாயிறு வேண்டாம், வழிபாடுகள் இருப்பதால் சுற்றிப் பார்க்கும் நேரம் சுருங்கிவிடும்.

மூட்டு வலியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இங்கிலாந்தின் பேராலய நகரங்கள் பலவற்றில் மேடு ஏற வேண்டும். லிங்கனில் அந்த ஏற்றம் நல்ல காலையே சோதிக்கும். சாலிஸ்பரி ஆற்றங்கரைச் சமவெளி. ஸ்டேஷனிலிருந்து பேராலயம் வரை நிதானமாக நடந்தால் கால் மணி நேரம், உள்ளேயும் தரை பெரும்பாலும் சமம். கோபுரம் ஏறும் டூர் மட்டும் அவருக்கு வேண்டாம். 332 படிகள், பாதி குறுகலான சுழல் படி.

இந்த ஊரே ஓர் இடமாற்றத்தில் பிறந்தது. பழைய பேராலயம் வடக்கே ஓல்டு சாரம் குன்றின் மேல், கோட்டைக்குள் இருந்தது. தண்ணீர் பற்றாக்குறை, போதாக்குறைக்குக் கோட்டைப் படையினரோடு ஓயாத உரசல். பிஷப் ரிச்சர்ட் புவர் கீழே இறங்கி வந்து 1220ல் புதிதாக அடிக்கல் நாட்டினார். 38 ஆண்டுகளில், 1258ல், முக்கியக் கட்டடம் எழுந்துவிட்டது. அதனால்தான் உள்ளே எங்கு பார்த்தாலும் ஒரே பாணி, ஒரே சீர். பழைய பேராலயத்தின் கற்களைப் பின்னால் வளாகச் சுற்றுச்சுவருக்குப் பயன்படுத்தினார்கள். சுவரை ஒட்டி நடக்கும்போது உற்றுப் பாருங்கள், வெறும் கற்களுக்கு நடுவே செதுக்கிய துண்டுகள் தெரியும்.

உள்ளே போனதும் நேராக நடுப்பகுதிக்கு, நான்கு பெருந்தூண்கள் நிற்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு தூணின் அருகில் நின்று அதன் விளிம்போடு கண்ணை மேலே கொண்டுபோங்கள். தூண் வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். இந்த உயரக் கோபுரம் முதல் திட்டத்தில் இல்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 123 மீட்டர் உயரத்துக்கு, சுமார் 6,500 டன் கூடுதல் எடையை இந்தத் தூண்களின் தலையில் ஏற்றினார்கள். அடித்தளத்தின் ஆழமோ சுமார் 1.2 மீட்டர்தான்! கீழே ஈரமான சரளைப் படுகை. அதன் நீர்மட்டத்தை அறியத் தரையில் ஒரு துளை உண்டு, அதில் கோல் விட்டுப் பார்ப்பார்கள். கோபுர உச்சி சுமார் 70 செ.மீ. சாய்ந்திருக்கிறது, எவ்வளவு என்பதைத் தரையில் பதித்த பித்தளைத் தகடு காட்டும். தன்னார்வ வழிகாட்டிகள் நின்றுகொண்டிருப்பார்கள். தயங்காமல் கேளுங்கள், ஆசையோடு விளக்குவார்கள். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம் இதுதான்.

1386ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் கடிகாரத்துக்கு முகப்பே கிடையாது. மணியடிக்க மட்டும் செய்யப்பட்டது. மாக்னா கார்ட்டா பேராலயக் குருமார் கூடும் எண்கோண மண்டபமான சாப்டர் ஹவுஸில் இருக்கிறது. 1215ஆம் ஆண்டின் பிரதிகளில் மிஞ்சியவை நான்கு, அவற்றில் நன்றாகப் பிழைத்திருப்பது இது. பொடி எழுத்து லத்தீன், படம் எடுக்கக் கூடாது. பார்த்ததும் வெளியேறிவிடாமல் சுவரைச் சுற்றி வாருங்கள். நோவாவின் பேழை, காயீன் ஆபேல் என்று பைபிள் கதைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு வளாகத்து உணவகமே போதும். கண்ணாடிக் கூரை வழியே கோபுரம் தெரியும். சைவத்துக்கு ஏதாவது கிடைத்துவிடும். அப்புறம் சந்தைப் பக்கம் போய்விட்டு, அருகிலுள்ள செயின்ட் தாமஸ் தேவாலயத்தில் இறுதித் தீர்ப்பைக் காட்டும் பெரிய சுவரோவியத்தைப் பாருங்கள்.

மாலையில் மறுபடி பேராலயத்துக்கு வாருங்கள். ‘ஈவன்சாங்’ என்ற பாட்டு வழிபாடு வார நாட்களில் வழக்கமாக 5.30 மணிக்கு. அன்றைய நேரத்தை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மதத்தவரும் வரலாம், கட்டணம் கிடையாது. கால் மணி நேரம் முன்னதாகப் போனால் பாடகர் குழுவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கக்கூடும். செருப்பைக் கழற்ற வேண்டாம். தொப்பி இருந்தால் எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் எழும்போது எழுந்தால் சரி, மூட்டு வலிக்காரர் உட்கார்ந்தே இருக்கலாம். நீங்கள் எதையும் சொல்லவோ பாடவோ வேண்டிய கட்டாயம் இல்லை. கோடை விடுமுறையில் போனால் பாடகர் குழுவில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் குரலைக் கேட்க முடியாது. செப்டம்பர் நடுவில் பள்ளி திறந்திருக்கும். சிறுமியருக்கென்றே தனிப் பாடகர் குழுவை 1991ல் தொடங்கியது இந்தப் பேராலயம். இங்கிலாந்துப் பேராலயங்களில் அதுவே முதல்.

முடிந்து வெளியே வரும்போது இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கும். கால் ஒத்துழைத்தால் குயீன் எலிசபெத் பூங்காவிலிருந்து ஹார்னம் பகுதிக்குப் போகும் ‘டவுன் பாத்’ (Town Path) என்ற நடைபாதையில் கொஞ்ச தூரம் நடங்கள். புல்வெளிக்கு அப்பால் பேராலயம் முழுசாகத் தெரியும்.

ஸ்டோன்ஹெஞ்சும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சாலிஸ்பரியில் ஒரு இரவு தங்குங்கள். மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்தே அதற்கான பஸ் உண்டு. நேரம் குறித்த நுழைவுச் சீட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.