உன் பையன் நீ சாப்பிட்டு பாத்திருக்கானா?

கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கா, பேர் போட வேணாம்னு கேட்டிருக்கா. லெட்டர் நீளம், சுருக்கி போடறேன்:

"அக்கா, பையனுக்கு நாலு வயசு. காலையில டீல வர்க்கி முக்கி சாப்பிடுவான், அவ்ளோதான். காய் எதையும் தொட மாட்டேங்குறான், சாம்பார்ல கேரட் கிடந்தா பொறுக்கி வெளிய வைக்கிறான். செல்லு குடுத்தாதான் வாயே திறக்குறான், சாயங்காலம் பத்து ரூபா சிப்ஸ் இல்லன்னா ஒரே அழுகை. எடை கம்மி, ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆப்பிள், மாதுளை, பூஸ்ட் எல்லாம் வாங்க எங்க சம்பளத்துல முடியாது. அவனுக்கு ஊட்டி முடிச்சு, வீட்டுக்காரருக்கு போட்டு குடுத்துட்டு, கடைசியா நான் அடுப்படியில நின்னுக்கிட்டே மிச்சத்தை சாப்பிட்டுக்குவேன், அதனால டைம் ஒரு பிரச்சனை இல்ல. பால்வாடியில நல்லா சாப்பிடுறான்னு டீச்சர் சொல்றாங்க, நம்பவே முடியல. என்ன பண்றதுக்கா?"

தங்கச்சி, வளர வளர சரியாயிடும்னு நான் எழுதுவேன்னு நினைச்சிருப்ப. எழுத மாட்டேன். ரத்தம் கம்மின்னு டாக்டர் சொன்ன பிள்ளை, விளையாட்டு கிடையாது. சிப்ஸ், செல்லு, ஆப்பிள் வாங்க காசில்ல, இது மூணும் இல்லாம எனக்கு ஒரு லெட்டர் வந்ததில்ல, அதுக்கு அப்புறம் வரேன்.

நடுவுல போற போக்குல எழுதியிருக்க பாரு, நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்குவேன்னு, அங்க தான் எனக்கு கோவம் வந்துச்சு. உன் பையன் பொறந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அவங்கம்மா தட்டு முன்னாடி உக்காந்து சாப்பிட்டு பாத்திருக்கானா? நல்லா யோசி. அந்த வீட்ல சாப்பாடுன்னா அவனை மட்டும் உக்கார வெச்சு, கண்ணு முன்னாடி செல்ல ஓட விட்டு, வாயில திணிக்கிறது. அப்பா அப்புறம், அம்மா எப்பவோ. கேரட்டை ஒருத்தர் மென்னு முழுங்குறதை அந்தப் புள்ள பாத்ததே இல்ல, அப்புறம் அது சாப்பிடுற பொருள்னு அவனுக்கு எப்படி தெரியும்?

டீச்சர் பொய் சொல்லல. ஒரு நாள் லீவ் கிடைச்சா மத்தியானம் பால்வாடி ஜன்னலோரம் நின்னு பாரு, அவன் கண்ணுல படாம. எல்லாம் வரிசையா உக்காந்து, பக்கத்துல இருக்கவன் முட்டையை உரிச்சு வாயில போடுறான், இவனும் போடுறான். யாரும் கெஞ்சல, யாரும் துரத்தல. வாரத்துக்கு 3 முட்டை அங்க கிடைக்குது, அதனால தயவு செஞ்சு மழை, பனி, சளின்னு சும்மா சும்மா வீட்ல நிறுத்தாத.

அம்மான்னா கடைசியில தான் சாப்பிடணும்னு உனக்கு யாரு சொன்னா? உங்கம்மாவும் அப்படித்தான் நின்னிருப்பாங்க, மாமியாரும் நின்னிருப்பாங்க, எனக்கு இந்த தியாகத்து மேல ஒரு மரியாதையும் கிடையாது, சொல்லிட்டேன். நாள் பூரா சரிவுல நின்னு பறிச்சு, மூட்டையை தூக்கிட்டு போய் எடை போட்டுட்டு வர்ற பொம்பளைக்கு மிச்சம் மீதியா? 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நம்ம தமிழ்நாட்டுல பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை, அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்கள்லயும் பாதிக்கு மேல. உன் ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணு. ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு கேக்க மாட்டாங்க.

இனிமே ராத்திரி சாப்பாடு மூணு பேரும் ஒண்ணா, தரையில, ஒரே சட்டி. அவனுக்குன்னு தனியா எதுவும் பண்ணாத. செல்லு அலமாரி மேல. அவன் தட்டுல பொரியல் ரெண்டு ஸ்பூன் வெச்சா போதும், இவன் வயித்துக்கு அவ்ளோ தான் பிடிக்கும், நீங்க குவிச்சு வெக்கிறதை பாத்தே பயந்துடுவான். வெச்சுட்டு வாயை மூடிக்கோ. சாப்பிடு, சாப்பிட்டா சாக்லேட், சாப்பிடலன்னா பூச்சாண்டி, எதுவும் வேணாம். அவனே கையால எடுக்கட்டும், சிந்தட்டும். தொடலன்னா அரைமணி கழிச்சு தட்டை எடுத்துடு, ஆனா பாவம்னு பத்தே நிமிஷத்துல பிஸ்கட் நீட்டினா அவ்ளோதான், எல்லாம் போச்சு. ஒரு காயை பத்து பதினஞ்சு தடவை பாத்து, மோந்து, துப்பின அப்புறம் தான் சின்ன பிள்ளைங்க பழகும், நீங்கல்லாம் மூணாவது நாளே அவனுக்கு பிடிக்காதுன்னு பட்டம் கட்டிடறீங்க.

டீயை இன்னிக்கே நிறுத்து. நீ பறிக்கிற இலை தான், ஆனா அதுல இருக்க டானின் சாப்பாட்டுல வர்ற இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது, ஏற்கனவே ரத்தம் கம்மி. வர்க்கி ஞாயித்துக்கிழமை ஒண்ணு தின்னுட்டு போகட்டும், நம்ம ஊர் பிள்ளை. காலையில ராகி கூழோ களியோ குடு. 2023ல ரேஷன்ல ராகி முதல்ல குடுக்க ஆரம்பிச்சதே நம்ம நீலகிரிக்கும் தர்மபுரிக்கும் தான், 2 கிலோ அரிசிக்கு பதிலா 2 கிலோ ராகி, கார்டை எடுத்துட்டு போய் கேளு. ரேஷன் துவரம்பருப்பு இருக்கு. மேரக்காய், அதான் சவ்சவ், உங்க லயன் வீட்டு வேலியில யாரும் விதைக்காமலே காய்ச்சு தொங்குது, கேத்தி பாலாடா கேரட் உடைஞ்சதை சந்தையில பாதி விலைக்கு தள்றாங்க, எங்கிருந்தோ லாரியில வர்ற ஆப்பிளுக்கு நீ ஏன் ஏங்குற? கீரை பண்ணா ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழி, இரும்புச்சத்து நல்லா சேரும். டாக்டர் குடுத்த சிரப்பை விடாம குடு, பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் பால்வாடியில குடுக்கிற பூச்சி மாத்திரையையும் விட்டுடாத.

உன் வீட்டுக்காரர் லெட்டர்ல ஒரே ஒரு இடத்துல தான் வரார், போட்டு குடுத்துட்டுன்னு. அவருக்கு கை நல்லா தானே இருக்கு, போட்டுக்க சொல்லு. பீட்ரூட்டை அவர் ஓரமா ஒதுக்கினா பையனும் ஒதுக்குவான், அதனால பிடிக்குதோ இல்லையோ புள்ள முன்னாடி அவர் தின்னுதான் ஆகணும், அப்பனா இருக்கிறதுல அதுவும் ஒரு வேலை. அப்புறம் அந்த சாயங்கால சிப்ஸ் பாக்கெட் தினம் யார் கையில வீட்டுக்கு வருதுன்னு நீ எழுதல, நான் கேக்கவும் தேவையில்ல. மாசம் முன்னூறு ரூபா, நாப்பது முட்டை வாங்கலாம். இந்த பக்கத்தை கிழிச்சு அவர்கிட்டயே குடு.