யாரிடம் வருகிறது கோபம்?

அன்புள்ள ஐயா,

எனக்குக் கோபம் அதிகம் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்ததால் ஓர் உளவியல் ஆலோசகரைப் பார்த்தேன். கோபத்துக்கு ஒரு வினாத்தாள், உரையாடும் திறனுக்கு ஒரு வினாத்தாள் கொடுத்தார். கோபம் சராசரி, உரையாடும் திறன் மிக நன்று என்று வந்தது. அதைப் பார்த்து மனைவி சிரித்துவிட்டாள். இந்த மதிப்பீடுகளை எவ்வளவு நம்பலாம்? கோபம் பரம்பரையாக வருமா? தலையணையைக் குத்தினால் தணியுமா?
கே.

அன்புள்ள கே.,

மனைவி ஏன் சிரித்தார் என்று அவரிடமே கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. என்னிடம் கேட்க மூன்று கேள்வி இருக்கிறது, அவரிடம் கேட்க ஒன்றுகூட இல்லை.

பரம்பரையை விடுங்கள். பதில் எதுவானாலும் அதைச் சாக்காகத்தான் வைத்துக்கொள்வீர்கள். தலையணையும் வேண்டாம். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள்.

வினாத்தாளுக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உளவியலாளர் ஸ்பீல்பெர்கரின் ஸ்டாக்ஸி-2 என்ற கோப அளவுகோலில் 57 கேள்விகள். இந்த நிமிடத்துக் கோபம் வேறு, சுபாவமான கோபம் வேறு. வெளியே கொட்டுவது வேறு, உள்ளே புழுங்குவது வேறு என்று நுட்பமாகவே பிரிக்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதில் எழுதுபவர் நீங்கள். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் பக்கத்து அறையில் இருக்கிறார்.

என் உறவினர் ஒருவர் வீட்டில் இடி மாதிரி கத்துவார். நடுவில் தொலைபேசி அடிக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்லுங்க சார், இல்ல இல்ல, ஃப்ரீயாத்தான் இருக்கேன்" என்பார். குரலில் தேன் வழியும். பேசி முடித்து ரிசீவரை வைத்ததும், விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்தே தொடர்வார். சுவரோரம் நின்றிருந்த அத்தை அதுவரை நகர்ந்திருக்க மாட்டார். கோபம் வந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது என்று ஊரெல்லாம் பேச்சு. கண்ணும் தெரிந்தது, மண்ணும் தெரிந்தது.

உங்கள் தாளில் பேச்சுக்கு நல்ல மதிப்பெண் விழுந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மேலதிகாரி முகம் சுளித்தால் உங்களுக்கு உடனே புரிகிறது, வார்த்தையை மாற்றிக்கொள்கிறீர்கள். அந்தத் திறமை வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கே போகிறது? "கட்டுப்படுத்த முடியவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆள் பார்த்துக் கட்டுப்படுத்துகிறீர்கள். இதைக் கடுமையாகச் சொல்கிறேன், தெரிந்தேதான்.

சாவியைக் காணோம் என்றால் "யார் எடுத்தது?" என்று கத்துகிறோம். உள்ளே இருப்பது தாமதமாகிவிடுமோ என்ற பதற்றம். "பதற்றமா இருக்கு, கொஞ்சம் தேடித் தர்றியா?" என்று கேட்க வருகிறதா என்றுதான் நான் சோதிப்பேன். கத்திய பிறகு முதலில் பேச வருவது யார், எதிரில் இருப்பவர் உங்களிடம் எதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிடுகிறார் என்றும் கேட்பேன். இதற்கெல்லாம் உங்களால் பதில் எழுத முடியாது.

ஆலோசனைக்குப் போனீர்களே, அதுவே பெரிய விஷயம். பலர் அந்த வாசற்படியை மிதிப்பதில்லை. அடுத்த முறை மனைவியையும் தனியாகச் சந்திக்கும்படி ஆலோசகரிடம் சொல்லுங்கள், மனைவிக்குச் சம்மதமென்றால். அவர் உள்ளே இருக்கும்போது நீங்கள் வெளியே இருங்கள். வந்ததும் "என்ன சொன்னே?" என்று கேட்காதீர்கள்.