கீமோ, கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) எல்லாம் முடிந்தும் அம்மாவின் களைப்பு போகவில்லை. என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியது: அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய். ஒப்பரேஷனும் கீமோவும் முடிந்து, மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் கரண்ட் பிடித்து முடித்து ஆறு கிழமை ஆகிறது. இப்போது குளிசை மட்டும். வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு. நாள் முழுக்கப் படுத்திருந்தும் களைப்புத் தீரவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

முதல் வேலையாக, இது சோம்பலும் இல்லை, மனப்பிரமையும் இல்லை என்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை செய்து வரும் களைப்பு ஒரு இரவு நித்திரையோடு போய்விடும். இந்தக் களைப்பு அப்படிப் போகாது. அதனால்தான் வருகிறவர்கள் சொல்லும் யோசனை அன்பாக இருந்தாலும் பிழையாகிப்போகிறது. படுத்தே கிடந்தால் தசை குறையும். தசை குறைந்தால் பாத்ரூமுக்குப் போய் வருவதே பெரிய வேலையாகிவிடும். பகலில் இரண்டு மணித்தியாலம் கண்ணயர்ந்தால் இரவு நித்திரை வராது, விடியும்போது இன்னும் மோசமாக இருக்கும்.

ஆறு கிழமையில் இன்னும் களைப்பு இருப்பது புதினமில்லை. கீமோக் களைப்பு மருந்து ஏற்றிய அடுத்த சில நாட்களில் கூடி, அடுத்த தவணைக்கு முன் கொஞ்சம் இறங்கும். கரண்ட் களைப்பு அப்படியில்லை. மெல்ல மெல்லச் சேர்ந்து கடைசிக் கிழமைகளிலும் முடிந்த பிறகும் உச்சத்துக்கு வரும். பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறையும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும்.

ஆனாலும் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் களைப்புக்குள் வைத்தியம் செய்யக்கூடிய காரணங்கள் ஒளிந்திருக்கலாம். அடுத்த கிளினிக்கில் ஹீமோகுளோபின், தைரொயிட், சீனி, பி12 பார்க்கலாமா என்று கேளுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. கழுத்தடிப் பக்கமும் கரண்ட் பிடித்திருந்தால் தைரொயிட்டைக் கட்டாயம் கேளுங்கள். டெமொக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற ஹோர்மோன் சிகிச்சைக் குளிசைகள் இரவில் உடம்பு கொதித்து வியர்த்து நித்திரையைக் குழப்பும். எடுக்கும் நேரத்தை மாற்றலாமா என்று டொக்டரிடம் கேட்கலாம், ஆனால் தாங்களாக நிறுத்தவே கூடாது. நோவு மருந்தும் ஒவ்வாமைக் குளிசையும்கூட ஆளைத் தூங்கவைக்கும், ஆகவே எடுக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடையில் அயர்ன் குளிசை வாங்கித் தாங்களாகத் தொடங்க வேண்டாம். டொக்டர் எழுதித் தந்தால், தேத்தண்ணிக்கும் அதற்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள், தேயிலை இரும்புச்சத்தை உறிஞ்சவிடாது.

சிவப்பு நிறக் கீமோ (டொக்சோரூபிசின் போன்றவை) அல்லது டிராஸ்டுசுமாப் என்ற மருந்து ஏற்றியிருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குவது, கணுக்கால் வீங்குவது, நடையில் நெஞ்சு இறுகுவது எல்லாம் இதயத்தின் அறிகுறியாக இருக்கலாம். கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்காமல் உடனே போங்கள். கீமோ இன்னும் நடக்கிறவர்கள் இதை வாசித்தால்: காய்ச்சல் 38 பாகை (100.4 ஃபாரன்ஹைட்) தொட்டால் இரவானாலும் வைத்தியசாலைதான்.

கிளினிக்கில் சொல்லும் விதமும் முக்கியம். சிங்களத்தில் "மஹன்சியி" (களைப்பாயிருக்கிறது) என்று மட்டும் சொன்னால் வேலை செய்த அலுப்பு என்றுதான் காதில் விழும். அளவு சொல்லுங்கள்: "முன்பு மூன்று மாடியும் நிற்காமல் ஏறுவா, இப்போது முதல் மாடியிலேயே இருந்துவிடுகிறா", "குளித்த பிறகு அரை மணித்தியாலம் படுக்க வேண்டியிருக்கிறது." 0 இலிருந்து 10 வரை எத்தனை என்றும் சொல்லுங்கள். 4 அல்லது அதற்கு மேலே என்றால் காரணம் தேட வேண்டிய களைப்பு.

அதற்கு ஒரு கொப்பி வேண்டும். ஒரு கிழமைக்கு மட்டும், காலை, மத்தியானம், பின்னேரம் களைப்பு எத்தனை, அதற்கு முன் என்ன செய்தா என்று எழுதச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எந்த நேரம் தெம்பு இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த நேரத்தை அவ விரும்புகிற வேலைக்குக் கொடுங்கள். சாமி கும்பிடுவதோ பேரப்பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துவதோ அவவிடமே இருக்கட்டும். எல்லா வேலையையும் பறித்தால் ஆள் இன்னும் சுருண்டுவிடுவா.

பறிக்க வேண்டியவை வேறு. தேங்காய் திருவுவதைப் பாருங்கள்: குனிந்து, தோளை அழுத்தி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. ஒப்பரேஷனில் அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை அதில் சீக்கிரம் களைக்கும். கை கனப்பதும் வீங்குவதும் தெரிந்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். சொதிக்குத் தேங்காய்ப்பால் மா போதும், ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மரக்கறியைக் கதிரையில் இருந்து வெட்டட்டும். ஈர உடுப்பு வாளியை வேறு யாராவது மொட்டைமாடிக்குத் தூக்கட்டும். கிளினிக் நாள் ஒரு முழுநாள் வேலைக்குச் சமம், அன்றைக்குச் சமையல், விருந்தாளி இரண்டும் வேண்டாம். அடுத்த நாளையும் வெறுமையாக விடுங்கள். நெரிசல் நேரத்து 138 பஸ்ஸில் நின்றுகொண்டு போவதைவிடத் திறீவீலில் போகலாம், அந்தக் காசு வீண்செலவில்லை.

களைப்புக்கு இதுவரை ஆய்வுகள் நன்றாகக் காட்டிய மருந்து நடைதான். முதலில் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், காலையும் பின்னேரமும். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். கிழமையில் மூன்று நாள், 30 நிமிடம் என்ற இடத்துக்கு வர இரண்டு மூன்று மாதம் எடுத்தாலும் பரவாயில்லை. வேகத்துக்கு அளவு: கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நடந்த அன்று களைப்பது சரி. அடுத்த நாளும் எழும்ப ஏலாவிட்டால் கூட்டியது அதிகம், பழைய அளவுக்குத் திரும்புங்கள். பலர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்: தெம்பான ஒரு நாளில் மெரைன் டிரைவ் முழுக்க நடந்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவார்கள். வெளியே நடப்பதென்றால் காலை ஆறு மணி நல்லது, கரண்ட் பட்ட தோலுக்கு வெயில் ஆகாது. நடையோடு, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதை ஐந்து தடவை, கிழமைக்கு இரண்டு நாள். தொடைக்குப் பலம் வந்தால் மாடிப்படி லேசாகும். அதுவரை படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டுவையுங்கள். எலும்புக்குப் பரவியிருந்தால் எந்தப் பயிற்சிக்கும் முன் டொக்டரைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் பொதுவான குறை புரதம். காலையில் பாணும் பிளேன்டீயும் என்றால் உடம்பு எதை வைத்துத் தசை கட்டும்? நிறை 55 கிலோ என்றால் நாளுக்கு 65 கிராம் அளவு புரதம் நல்லது, சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், உள்ளங்கையளவு மீன் துண்டில் 20 கிராம் வரும். மிச்சத்துக்குப் பருப்பு, அவித்த கடலை, தயிர். ஒரேயடியாகச் சாப்பிட ஏலாவிட்டால் ஐந்தாறு தடவையாகக் கொடுங்கள்.

பகல் நித்திரை மூன்று மணிக்கு முன், 30 நிமிடம், அலாரம் வைத்து.

இரண்டு கிழமையாக எதிலும் விருப்பமில்லை, அடிக்கடி அழுகை, பிள்ளைகளோடும் கதைக்க மனமில்லை என்றால் அது களைப்பு மட்டுமில்லை. மனச்சோர்வுக்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது, அதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றப்படி, நேற்றையோடு இன்றையை ஒப்பிட விடாதீர்கள். மாதத்தில் ஒரு கிழமை அதே கொப்பியில் திரும்ப எழுதி, முதல் கிழமைப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.