செஸ்ஸில் எல்லோரும் டிரா என்று சொல்லிவிட்ட எண்ட்கேமை, அதாவது காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்ட ஆட்டத்தை, விடாமல் ஆடி ஜெயித்திருக்கிறீர்களா? அதற்கு மன உறுதி போதுமா?

ஜெயித்திருக்கிறேன். மன உறுதி மட்டும் போதாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சிப்பாய் தானாக ராணியாகிவிடாது. டிரா நிலையில் இழுத்து ஆடுகிறவனுக்கு இரண்டு வேலை. ஒவ்வொரு மூவிலும் எதிராளி ஏதாவது யோசித்தே ஆக வேண்டும்படி வைத்துக்கொள்வது ஒன்று. அதுவரை நம் கையால் எதையும் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கஷ்டம்.

நான் கோத்தகிரிக்காரன். குன்னூரில் நடந்த ஒரு ரேட்டிங் போட்டியின் கடைசிச் சுற்றைச் சொல்கிறேன். டிசம்பர் மாதம். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், மூவுக்கு 30 விநாடி கூடுதல். எதிரே ஊட்டியிலிருந்து வந்த பத்தாம் வகுப்புப் பையன். ஓப்பனிங்கை என்னைவிட நன்றாகப் படித்திருந்தான். நடு ஆட்டத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, காய்கள் மளமளவென்று மாறின. மிஞ்சியது ஆளுக்கொரு யானை. ராஜா பக்கத்தில் எனக்கு எஃப், ஜி, எச் நெட்டு வரிசைகளில் மூன்று சிப்பாய், அவனுக்கு ஜி, எச் இரண்டு. எல்லாச் சிப்பாயும் ஒரே பக்கத்தில் இருந்தால் இந்த மூன்றுக்கு இரண்டு யானை எண்ட்கேம் பொதுவாக டிரா என்றுதான் எந்தப் பயிற்சியாளரும் சொல்வார்.

பையனுக்கும் அது தெரிந்திருந்தது. முறைப்படி மூவ் ஆடி, கடிகாரத்தை அழுத்தும் முன், "அங்கிள், டிரா?" என்றான். "கொஞ்சம் ஆடிப் பார்க்கலாம்ப்பா" என்றேன். பின்னால் நின்ற என் ஊர் நண்பர்களுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. ஒரே ஜீப்பில் வந்திருந்தோம். இருட்டினால் கோத்தகிரி ரோட்டில் எந்த வளைவில் காட்டுமாடு நிற்கும் என்று சொல்ல முடியாது. "குடுத்துட்டு வாய்யா" என்று ஒருவர் கையாலேயே ஜாடை காட்டினார்.

நான் ஏன் கொடுக்கவில்லை என்றால், அந்த நிலையில் தோற்கும் வாய்ப்பு எனக்கு அநேகமாக இல்லை. ஒரு சிப்பாய் அதிகம், ராஜா பத்திரமான இடத்தில். அவன் கடிகாரத்தில் பத்து நிமிடம்கூட இல்லை. ஒருவன் மட்டுமே ஜெயிக்க முடிகிற நிலையில் அந்த ஒருவன் ஏன் முதலில் எழுந்து போக வேண்டும்? சின்னப் பையனிடம் போய் இப்படியா என்று சிலர் கேட்பார்கள். போர்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் வயசுக்கு என்ன சலுகை! அவன் என்னை ஓப்பனிங்கில் துவைத்தெடுத்திருந்தால் யாராவது எனக்காகப் பாவப்பட்டிருப்பார்களா?

அடுத்த ஒரு மணி நேரம் நான் செய்ததைப் பார்த்தவர்களுக்கு ஒன்றுமே செய்யாதது போல இருந்திருக்கும். யானையை இந்தப் பக்கம் வைப்பேன், அந்தப் பக்கம் எடுப்பேன், ராஜாவை ஒரு கட்டம் முன்னால் நகர்த்துவேன். சிப்பாயை மட்டும் அவசரப்பட்டுத் தள்ளவில்லை. சிப்பாய் பின்னால் வராது. மற்ற காயையெல்லாம் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவரலாம், இதை முடியாது. 50 மூவ் விதி இருக்கிறதே என்று பயப்படுவார்கள். வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் இரு தரப்பும் 50 மூவ் ஆடினால்தான் டிரா கேட்க முடியும், அதையும் ஆட்டக்காரரே கேட்க வேண்டும். ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. அதனால் சிப்பாய் மூவ் என்பது என் கையிருப்பு; சிக்கனமாகச் செலவழித்தேன். கவனிக்க வேண்டியது ஒரே நிலை மூன்று முறை வந்து டிரா கேட்க இடம் கொடுத்துவிடுவதைத்தான். அதற்கு மூவ் எழுதும் தாள் உதவியது. 30 விநாடி கூடுதல் உள்ள ஆட்டத்தில் கடைசி வரை எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் குளிரில் விரல் மரத்துப்போய், என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

ஜி, எச் சிப்பாய்கள் ஒவ்வொன்றாக மாறி, கடைசியில் எனக்கு யானையும் எஃப் சிப்பாயும், அவனுக்கு யானை மட்டும். இங்கே ஃபிலிடோர் என்ற பெயர் வந்தே தீரும். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர், இசையமைப்பாளரும்கூட. அவர் காட்டிய தடுப்பு ரொம்ப எளிது. தடுக்கிறவரின் ராஜா சிப்பாய்க்கு எதிரே, அது ராணியாகும் கட்டத்தில் நிற்கும். யானை தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நின்று நம் ராஜாவை மேலே வரவிடாது. நாம் பொறுமையிழந்து சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினால், யானை உடனே கீழ்க்கோடிக்கு இறங்கி பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுக்கும். ஒளிய நமக்கு இடம் இருக்காது. டிரா.

பையன் அப்படித்தான் நிறுத்தியிருந்தான், அச்சுப் பிசகாமல். நானும் தள்ளவில்லை. யானையை ஏழாவது வரிசையில் வைத்துக்கொண்டு சும்மா உலாவினேன். தள்ளாதவரை அவனுக்கு அந்தக் கீழே இறங்கும் தருணம் வராது, காத்துக்கொண்டே இருக்க வேண்டும். காத்திருப்பது இளம் பிள்ளைகளுக்கு ஆகாத காரியம். கடைசியில் அவனே யானையை எடுத்துக்கொண்டு என் சிப்பாய்க்குப் பின்னால் போய் நின்றான். என் ராஜா சிப்பாய்க்கு முன்னால் ஆறாவது வரிசையில் ஏறியது. அடுத்து யானை எட்டாவது வரிசைக்குப் போனால் மேட்.

இதுகூடத் தோல்வி இல்லை என்பதுதான் யானை எண்ட்கேமின் வேடிக்கை. அவன் ராஜா ஒதுங்க இரண்டு பக்கம் இருக்கிறது. எஃப் சிப்பாய்க்கு ஒரு பக்கம் ஜி, எச் என்று இரண்டே நெட்டு வரிசை. மறுபக்கம் ஏ முதல் இ வரை ஐந்து. ராஜா குறுகிய பக்கம் போக வேண்டும். அகலமான பக்கத்தை யானைக்கு விட்டால் அது தூரத்தில் நின்று பக்கவாட்டில் செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். பையன் அகலமான பக்கம், இ8 கட்டத்துக்குப் போனான். மூலையில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் போல. யானைக்கு வேண்டிய இடத்தில் ராஜாவே போய் நின்றுவிட்டது.

மிச்சம் லூசெனா நிலை, சிப்பாய் வைத்திருப்பவர் ஜெயிக்கும் பிரபலமான நிலை. பெயர்தான் அப்படி, லூசெனா 1497இல் எழுதிய புத்தகத்தில் அந்த நிலை கிடையாது. என் ராஜா சிப்பாய்க்கு முன்னால் எட்டாவது வரிசையில், சிப்பாய் ஏழாவதில். முதலில் யானையால் ஒரு செக் கொடுத்து அவன் ராஜாவை இன்னும் ஒரு நெட்டு வரிசை தள்ளிவிட்டேன். பிறகு யானையை நான்காவது வரிசைக்குக் கொண்டுவந்தேன். ராஜா வெளியே வந்து, செக் வாங்கிக்கொண்டே சிப்பாயை விடாமல் ஐந்தாவது வரிசை வரை இறங்கியது. அடுத்த செக்குக்கு யானை குறுக்கே நின்றது. இதைப் 'பாலம் கட்டுவது' என்பார்கள். பையன் கை கொடுத்தான்.

அப்புறம் அவனே போனை எடுத்து லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தின் டேபிள்பேஸில் போட்டுப் பார்த்தான். ஏழு காய் வரை எந்த நிலைக்கும் அது தீர்ப்பு சொல்லிவிடும், எங்களுடையது ராஜாக்களையும் சேர்த்து வெறும் ஐந்து காய். இ8க்குப் போகும்வரை டிரா, போன பிறகு தோல்வி. "ஜி8 போயிருந்தா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதையும் போட்டுப் பார்த்தான். டிரா.

பெரிய ஆட்களும் இப்படித்தான் ஜெயிக்கிறார்கள். 2021 துபாய் உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம் 136 மூவ், ஏழே முக்கால் மணி நேரம். அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனிடம் யானை, குதிரை, இரண்டு சிப்பாய். அவரை எதிர்த்து ஆடிய நெப்போம்னியாச்சியிடம் ராணி. 130ஆவது மூவில் ராணியைத் தவறான கட்டத்தில் வைத்தார், அதுவரை டிரா. 2013இல் சென்னை உலக சாம்பியன் போட்டியில் ஆனந்த் கார்ல்சனிடம் அடுத்தடுத்துத் தோற்ற ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களும் யானை எண்ட்கேம்கள்தான். அந்தத் தோல்விகளைப் பார்த்த வருத்தத்தில்தான் நான் யானை எண்ட்கேமையே உட்கார்ந்து படித்தேன்.

எல்லா டிராவையும் இப்படி இழுக்கச் சொல்லவில்லை. இருவரிடமும் வெறும் யானை மட்டும் இருக்கும்போது கடிகாரத்தை நம்பி ஆட்டுவது எனக்குப் பிடிக்காது. எதிரெதிர் நிறக் கட்டத்து பிஷப்புகள் இருந்து எதிராளி வழியை அடைத்துவிட்டால், ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் பெரும்பாலும் பயனில்லை. நான் கை கொடுத்துவிடுவேன். யானை எண்ட்கேம் அப்படி இல்லை. அங்கே தடுக்கிறவர் ஒவ்வொரு மூவும் சரியாக ஆட வேண்டியிருக்கிறது.

நீங்கள் படிக்கத் தொடங்குவதானால் ஃபிலிடோர், லூசெனா இரண்டையும் இரு நிறத்திலும் ஒரு நண்பரோடு ஆடிப் பாருங்கள். முக்கியமாகத் தடுக்கும் பக்கம் உட்காருங்கள். எந்த இடத்தில் பொறுமை போகிறது என்று அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.