ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் செவ்வந்தி பூக்காதா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் செவ்வந்தி நன்றாகத் தழைக்கிறது, மொட்டு மட்டும் இல்லை. ராத்திரி முழுக்க எரியும் நடைபாதை விளக்குதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான்.

செவ்வந்தி கணக்குப் பார்ப்பது பகலை அல்ல, இடையில் கலையாத இருட்டை. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சத்தில் ஒரு வடிவத்துக்கு மாறும், இருட்டில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நடுராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே போச்சு, கணக்கு மறுபடி முதலிலிருந்து. கேமரன் மலைத் தோட்டங்களில் ராத்திரி வரிசையாக பல்பு எரிகிறதே, காம்பு நீளும்வரை பூக்கவிடாமல் வைக்கத்தான். கோலாலம்பூரில் ஆண்டு முழுக்க இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். செவ்வந்திக்கு அது தாராளம்.

  

சரி, தொட்டியை வெளிச்சம் படாத பக்கம் நகர்த்துங்கள். இடமில்லையா? மாலை 7 மணிக்கு அட்டைப் பெட்டியால் மூடி, காலை 8 மணிக்கு எடுங்கள். மொட்டில் நிறம் தெரியும்வரை ஒரு ராத்திரிகூட விடக்கூடாது.