கம்பஸ் நூலகத்தின் தேடுபொறியில் கட்டுரை தேடுவது எப்படி?

யாழ்ப்பாணக் கிணற்று நீரில் நைத்திரேற்று பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறீர்கள், நூலகத் தேடுபொறியில் தலைப்பை முழுதாக அடித்தால் ஒன்றுமே வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை உங்களுடையதல்ல, அந்தப் பெட்டியுடையது. அது தேடுவது நூலகத்தின் நூற்பட்டியலைத்தான்; பொதுவாகத் தலைப்பு, ஆசிரியர், பொருட்சொல் (நூல் எதைப் பற்றியது என்று குறிக்கும் சொல்) ஆகியவற்றில் மட்டுமே தேடும். புத்தகத்தின் உள்ளே பார்க்காது. அதனால் நீண்ட வாக்கியம் வேண்டாம், இரண்டு சொல் போதும்: நைத்திரேற்று, நிலத்தடி நீர். ஆங்கிலத்திலும் அடியுங்கள், விஞ்ஞான ஆய்வுகள் பெரும்பாலும் அதில்தான்.

பொருத்தமான ஒரு நூல் கிடைத்தால் போதும். அதன் பதிவில் இருக்கும் பொருட்தலைப்பைச் சொடுக்குங்கள், அதே வகை நூல்கள் வரிசையாக வரும். நான் தேடுவதில் பாதி இப்படித்தான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி பகுப்பில் நிலத்தடி நீருக்கு 553.79. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு இறாக்கைக்கே போய்விடுங்கள். பக்கத்தில் நிற்கும் புத்தகம் சில வேளை தேடியதைவிட நல்லதாக இருக்கும்.

ஊர்ப்பெயரில்தான் பெரிய தலையிடி. சுன்னாகம், வலிகாமம் போன்றவற்றை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். எல்லா எழுத்துக்கூட்டலையும் 'அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லால் இணைத்துத் தேடுங்கள்.

சஞ்சிகைக் கட்டுரைகள் நூற்பட்டியலில் தனித்தனியாகப் பெரும்பாலும் இராது. அவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுக் களஞ்சியமும், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரும். பழைய தமிழ் மலர்கள், பிரசுரங்கள் என்றால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருடைய இணைய எண்ணிம நூலகம். வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம்.

அதற்கும் அகப்படாவிட்டால், சரி, உசாத்துணைப் பகுதியில் இருப்பவரிடம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.